சினிமாச் சுருளோடு திருவனந்தபுரத்தில்

திருவனந்தபுரத்துக்கு நான் போனது கோயில் பார்க்கவோ கடல் பார்க்கவோ அல்ல, ஒரு தகர டப்பாவை வாங்கி வர. அதற்குள் சினிமாப் படம் பிடிக்கிற ஃபிலிம் இருந்தது. ஏதோ விளம்பரப் படத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய துண்டு. துண்டு என்றாலும் என் சின்னக் கேமராவுக்கு ஒரு வருடம் தாங்கும். அந்தப் படப்பிடிப்பில் உதவியாளராக இருந்த ஷிபு எனக்கு இணையத்தில் பழக்கம். "வேணும்னா வந்து எடுத்துட்டுப் போங்க சேச்சி, என் ஃப்ரிட்ஜில் மீன் வைக்க இடமில்லை" என்று செய்தி அனுப்பியிருந்தார். காலாண்டு விடுமுறை தொடங்கிய அன்றே கிளம்பிவிட்டேன்.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஓரிடத்தில் உட்கார முடியாது எனக்கு. வீட்டில் இருந்தால் தெருவுக்குப் போகவேண்டும், தெருவில் நின்றால் அடுத்த ஊருக்குப் போகவேண்டும். கையில் கேமரா இருந்தால் இந்தப் பரபரப்புக்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஸ்டில் கேமராவில் சினிமா ஃபிலிம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. சாதாரணக் கலர் ஃபிலிம் வெயிலுக்கென்று செய்தது. அதில் பெட்டிக்கடை பல்பும் தெருவிளக்கும் மஞ்சளாகப் பொங்கி வழியும். சினிமா ஃபிலிமில் விளக்கு வெளிச்சத்துக்கென்றே ஒரு வகை உண்டு. சாயங்காலக் கடைத்தெரு அதில் கண்ணுக்குத் தெரிகிற நிறத்திலேயே விழும். இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான். இருட்டில் அளவாக வெட்டி, காலியான பழைய ஃபிலிம் டப்பாவுக்குள் சுற்றிக்கொண்டால் போதும். கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரே ஒரு வம்பு உண்டு. சினிமா ஃபிலிமின் முதுகில் கரி அரைத்துப் பூசியதுபோல ஒரு கறுப்புப் பூச்சு இருக்கும். கழுவுவதற்கு முன்னால் அதைச் சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். தெரியாமல் நேரே மருந்தில் போட்டால் பூச்சு கரைந்து மருந்து முழுவதும் சாக்கடையாகிவிடும். அதே மருந்தில் கூடக் கிடக்கிற அடுத்தவர் சுருளிலும் போய் ஒட்டும். அதனால் சினிமாச் சுருளை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. வீட்டுக் குளியலறையில் நானே கழுவுவேன்.

வியாழக்கிழமை காலை தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கும்போது மழை. எதிரே இருந்த ஓட்டலில் புட்டும் பயறும் பப்படமும் வந்தன. மதுரையில் இட்லிக்குச் சட்னி வாளிகள் வரிசையாக வரும், நாம் போதும் போதும் என்று கையை மறிக்க வேண்டும். இங்கே பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொள் என்று விட்டுவிடுகிறார்கள். குடிக்கத் தந்த தண்ணீர் சுடச்சுட, இளஞ்சிவப்பாக இருந்தது. யாரோ கை கழுவி வைத்ததோ என்று தயங்கினேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டு, "மூலிகை போட்டுக் காய்ச்சியது, பயப்படாமல் குடியுங்கள்" என்றார் மலையாளத்தில். பயப்பட்டுக்கொண்டே குடித்தேன். நன்றாகவே இருந்தது.

ஷிபு ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், ஜவுளிக்கடைப் பையில் போட்ட டப்பாவை நீட்டினார். "வலியசாலையில் ஜயஸ்ரீன்னு ஒரு பொண்ணு ஃபிலிம் கழுவும். உங்க ஊர் அக்ரகாரம் மாதிரி ஒரு தெரு. போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஷூட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று மழையோடு போய்விட்டார். நான் லாட்ஜுக்கு வந்து, கை மட்டும் நுழைகிற கறுப்புத் துணிப்பைக்குள் எல்லாவற்றையும் போட்டு, தடவித் தடவி வெட்டிச் சுற்றினேன். கையில் இருந்தவை சாதாரண ஃபிலிமின் காலி டப்பாக்கள். கம்பெனி அச்சடித்த பெயரும் மஞ்சள் நிறமும் அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைக் காகித நாடா ஒட்டி, 'சினிமா' என்று எழுதிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாலைக் கடைத்தெருவில் மதியம்வரை சுற்றினேன். மாலையில் எங்கோ இறங்கி, கிழக்கேகோட்டைக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றேன். போர்டெல்லாம் மலையாளம். சில எழுத்துகள் தமிழ் மாதிரியே இருந்து ஏமாற்றும். காதில் ஒயர் மாட்டியிருந்த ஒரு பெண்ணிடம் "கிழக்கேகோட்டையா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். ஏறிவிட்டேன். வெகுநேரம் கழித்து டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சேச்சி, இது கிழக்கேகோட்டையிலிருந்து வருகிற வண்டி. இனிமேல் கழக்கூட்டம்தான்."

கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலை முழுக்க வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மென்பொருள் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். கேமராவில் சினிமாச் சுருள் இருந்தது. தவறான பஸ்ஸில் ஏறியதற்கு நன்றி சொல்லி, தெருவோரத் தட்டுக்கடைகளின் அடுப்பு ஆவியையும் ஹாஸ்டல் போர்டுகளையும் குடை பிடித்த முகங்களையும் எடுத்துத் தள்ளினேன். சுருள் முடிந்ததும் மழை அடித்து ஊற்றியது. ஓடிக்கொண்டே சுருளைக் கழற்றி, பையின் சின்ன அறைக்குள் போட்டேன். மதுரையிலும் ரயிலிலும் எடுத்து முடித்த சாதாரணச் சுருள் ஒன்றும் அதே அறையில்தான் கிடந்தது. பை நனைந்து கனத்துவிட்டது. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை வலியசாலைக்குப் போனேன். கோயிலை ஒட்டி, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசலில் ஈரக் கோலம், அதன்மேல் ஸ்கூட்டர். ஜயஸ்ரீக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வார நாட்களில் கழக்கூட்டத்தில் வேலை, சனிக்கிழமை வீட்டின் பின்னறையில் ஃபிலிம் கழுவுகிறாள்.

"வாங்கோக்கா. ஷிபு சொன்ன மதுரை டீச்சர் நீங்கதானே?"

சாதாரணச் சுருளை மட்டும் கொடுக்கலாம் என்று வந்திருந்தேன். மதுரையில் கொடுத்தால் அது சென்னைக்குப் போய்த் திரும்பி வர மாதம் ஆகும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பைக்குள் கைவிட்டு, நாடா இல்லாத டப்பாவாக எடுத்து நீட்டினேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனிகூட வெளியே தெரியாமல் முழுக்க உள்ளே சுற்றிவிடுவது என் வழக்கம். "நார்மல் கலர்தானேக்கா? சினிமா ஸ்டாக் இல்லியே? அது நான் தனியாவாக்கும் பண்றது."

"சே, சே. சாதாரணம்தான்."

அங்கே இன்னொருவரும் ஒரு சுருளோடு வந்திருந்தார். பெயர் செல்வின், தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலைப் பக்கம் வாழைக்குலை மொத்த வியாபாரம். பள்ளிக்கூட டீச்சர் என்று தெரிந்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"இது எங்க அப்பாக்க ஃபிலிமாக்கும் டீச்சரே. அவருக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போச்சு. ஒரே ஒரு வாக்குதான் மிச்சம். கொள்ளாம். சோறு போட்டா கொள்ளாம், ஊசி குத்தினா கொள்ளாம், அம்மை பக்கத்துல இருந்து அழுதாலும் கொள்ளாம்."

நன்றாயிருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கத்துச் சொல் அது. சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அவர் கைக்குக் கேமரா எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"பண்டு காலத்துல வாங்கினது, அலமாரியில கெடந்தது. ஃபிலிம் தானே சுத்திக்கிடும். போன் கொடுத்துப் பார்த்தோம், விரல் நிக்காது, தூக்கி எறிஞ்சிட்டாரு. இதைக் கொடுத்தப்போ விடமாட்டேங்காரு. வலது கை வராதுல்லா, அதனால தலைகீழாப் பிடிச்சு இடது கைப் பெருவிரலால அமுக்குவாரு. என்னத்தை எடுக்காருன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஸ்பீச் தெரப்பிஸ்ட்தான் கழுவச் சொன்னாளாம்" என்றாள் ஜயஸ்ரீ.

"ஆமா டீச்சரே. அந்த மேடம் ஆப்பிள் படம், பூனை படம் எல்லாம் காட்டிப் பார்த்தாங்க. எல்லாத்துக்கும் கொள்ளாம்தான். அவரு எடுத்ததை அவருக்கே காட்டிப் பாருங்கன்னாங்க. ஒருவேளை அதைக் கண்டா வேற வாக்கு ஏதாவது வரும்."

சுருளை இரண்டு கைகளாலும் கொடுத்தார். மாலைக்குள் கழுவிவிடுவதாக ஜயஸ்ரீ சொன்னாள். அந்த வாரம் வந்திருந்தவை அவருடையதும் என்னுடையதும் மட்டும். ஒரே மருந்தில் சேர்த்துக் கழுவிவிடலாம்.

படம் தயாராகும்வரை சும்மா இருக்க முடியாதே. பொன்முடிக்கு பஸ் ஏறினேன். நெடுமங்காடு, விதுரை தாண்டி மலை ஏற ஏற, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் தன் வாலையே பிடிக்கப் போவதுபோலத் திரும்பியது. பக்கத்தில் இருந்த அம்மாள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள், எனக்கும் மோக்கத் தந்தாள். உச்சியில் பஞ்சுப்பொதியாக மூடுபனி, எதுவும் தெரியவில்லை. பழம்பொரி தின்றேன். மதுரையில் வாழைக்காயில் பஜ்ஜி போடுவோம், இவர்கள் பழத்தையே போடுகிறார்கள். இரண்டாவதும் வாங்கித் தின்றேன். அங்கும் இங்கும் நடந்தேன். பனி கொஞ்சம் விலகி, கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளின் தகரக் கூரைகள் தெரிந்தன. புதுச் சுருள் போடலாம் என்று பையைத் திறந்தேன்.

சின்ன அறையின் துணியில் வெள்ளை நாடா ஒன்று தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. 'சினிமா' என்று என் கையெழுத்து.

கூடக் கிடந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று புதிய டப்பா. நான் சினிமா ஃபிலிம் சுற்றியதோ, பலமுறை உபயோகித்துக் கீறல் விழுந்த பழைய டப்பா. மழையில் நாடா கழன்றிருக்கிறது. இரண்டுமே நாடா இல்லாமல் கிடந்திருக்கின்றன. நான் பார்க்காமல் கீறல் டப்பாவை எடுத்து நீட்டியிருக்கிறேன். அவள் கேட்டும் இருக்கிறாள். சே, சே என்று சொன்னேனே.

செல்வினின் அப்பா சுருளும் அதே மருந்தில்தான் விழப்போகிறது. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. கடைக்காரரிடம் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன். "வரும்" என்றார். எப்போது என்று மறுபடி கேட்டேன். "வரும்போது வரும், இது பொன்முடி" என்றார். ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் விதுரை போய்ச் சேர இரவாகிவிடும் என்று தெரியும். நிற்கவும் முடியவில்லை. சில வளைவுகள் தாண்டியதும் பின்னால் தேயிலை மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி வந்தது. நடுரோட்டில் நின்று கையை விரித்தேன்.

ஓட்டுநர் தோட்டத்து லயனில் பிறந்து வளர்ந்தவர், நல்ல தமிழ் பேசினார். என் கோலத்தைப் பார்த்து முன்சீட்டில் இருந்த தேயிலைச் சாக்கைப் பின்னால் தள்ளினார்.

"ஆஸ்பத்திரிக்கா போகணும்?"

"இல்லண்ணே. ஒரு ஃபிலிமைக் கழுவுறதுக்கு முன்னாடி போய் நிறுத்தணும்."

"சினிமா ஃபிலிமா?"

"சினிமா ஃபிலிம்தான்."

"அய்யோ, அப்ப எத்தனை பேர் குடும்பம் கெடும்!" என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ஒரு குடும்பம்தான் என்று நான் திருத்தவில்லை.

ஒரு வளைவில் மேலே ஏறிவந்த பஸ் எதிரே வந்து நின்றது. இரண்டு பேரும் பின்வாங்க மறுத்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு செல்வினின் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வேற வாக்கு ஏதாவது வரும் என்று சொன்னபோது அவர் என்னையல்ல, அந்தச் சுருளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லாறு அருகில் சிக்னல் வந்தது. கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். 'கழுவாதே, அது சினிமா' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் செய்தி அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: ஃபிலிமை இருட்டில் பிரிக்கிறவள் போனை உள்ளே கொண்டுபோவாளா? திரை ஒருமுறை மின்னினால் போதுமே, எல்லாம் போய்விடும்.

விதுரையில் இறக்கிவிட்டு, "படம் ரிலீஸ் ஆனா சொல்லுங்க" என்றார் ஓட்டுநர். அங்கே ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது, தொற்றிக்கொண்டேன். நெடுமங்காட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போனார்கள். மதுரையாக இருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன், நாலு பேர் கூடச் சேர்ந்து சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. நான் மட்டும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். "கழிப்பறை அந்தப் பக்கம்" என்று ஒரு பெரியவர் மெதுவாகக் கைகாட்டினார். ஊருக்குள் நுழைந்ததும் நெரிசலில் பஸ் நகரவில்லை. குதித்து ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் எந்தெந்தச் சந்திலோ புகுந்து வலியசாலையில் கொண்டுவந்து விட்டார்.

ஜயஸ்ரீ கதவைத் திறந்தாள். அவள் விரல்கள் பத்தும் கறுப்பாக இருந்தன.

"மருந்தைக் கொட்டினேன். டிகாஷன் மாதிரி வரது" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் கேட்டேனேக்கா" என்றாள்.

சொல்லிவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னறையில் தொட்டியின் வெள்ளை முழுக்க மசி ஓடியிருந்தது. கொடியில் இரண்டு சுருள்களும் சொட்டிக்கொண்டிருந்தன. என்னுடையது எப்படியோ போகட்டும். செல்வினின் அப்பா எடுத்த சுருளில் நீளத்துக்கும் தார் தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள்.

"கெட்டே போச்சா?"

"உள்ளே படம் இருக்கு. மேலேதான் ஒட்டிண்டிருக்கு. காய்ஞ்சா போகவே போகாது. வாங்கோ, இப்பவே நனைச்சு வைக்கணும்."

சோடா கரைத்த நீரில் சுருளை ஊறவைத்து, ஈரப் பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைக்க வேண்டும். ஈரத்தில் ஃபிலிமின் மேற்பரப்பு பால் ஏடு மாதிரி இருக்கும், அழுத்தினால் படமே உரிந்து வந்துவிடும். நான் முதல் புள்ளியைத் துடைக்கப் போனதுமே அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை பதறது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு வாங்கோ."

சும்மா இருப்பதுதானே எனக்கு வராதது. முற்றத்தில் போய் நின்றேன். கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, பதற்றம் அடங்கும்வரை சுவரில் வைத்துக்கொண்டேன். அவளுடைய அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தோசை வார்த்துத் தரட்டுமா? வெறும் வயத்தோட நிக்கறேளே" என்றார். வேண்டாம் என்றேன். ஆனாலும் வந்தது. தின்றேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஊர் திரும்ப ரயில் இருந்தது. அதை விட்டுவிட்டேன். காலையிலிருந்து ஆளுக்கு ஒரு முனையாகத் துடைத்துக்கொண்டிருந்தோம். மூச்சை அடக்கி ஒரு புள்ளி, அலசி மறுபடி ஒரு புள்ளி. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. புள்ளி ஒவ்வொன்றாகப் போகப்போக நெகட்டிவின் தலைகீழ் நிறத்தில் ஏதேதோ உருவங்கள் தெரிந்தன. அடுத்தவர் படுக்கையறையில் நுழைந்ததுபோல உற்றுப் பார்க்காமல் துடைத்தேன்.

"செல்வின் அண்ணாகிட்ட நான் சொல்லிக்கறேன்க்கா" என்றாள் ஜயஸ்ரீ. "மருந்து கெட்டுப்போயிடுத்துன்னு சொன்னா தீர்ந்தது. வெளியூர்க்காரா நீங்க, உங்களை எதுக்கு இழுக்கணும்?"

ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மருந்து கெட்டது என்றால் கெட்டபெயர் அவளுக்கு. ஏற்கெனவே என்னால் அவள் மருந்து முழுவதும் போய்விட்டது, புதிது வரவழைக்கும்வரை யாருடைய சுருளையும் அவளால் தொட முடியாது. அதை மதுரையிலிருந்து நான் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இதையும் நானே சொல்கிறேன் என்று போனை வாங்கினேன்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். மறுமுனையில் லாரியில் குலை ஏற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ படம் இல்லியா டீச்சரே?"

"இருக்கு செல்வின். ஆனா சில இடத்துல கறுப்புப் புள்ளி போகவே மாட்டேங்குது. தப்பு முழுக்க என்னோடது. ஜயஸ்ரீ கேட்டுச்சு, நான்தான் பார்க்காம கொடுத்துட்டேன்."



"நாளைக்கு அப்பாவையும் கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். கோபமா இல்லையா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மாலை நான் ஆற்றுப் பாலம்வரை நடந்து போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

திங்கட்கிழமை ஜயஸ்ரீ அலுவலகத்துக்கு மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்தாள். தலைகீழாக இருந்தவற்றையெல்லாம் நேராகத் திருப்பியும் வைத்திருந்தாள். செல்வினும் அவர் அப்பா ஞானமுத்துவும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். ஞானமுத்து நெடிய ஆள், துவைத்த வெள்ளைச் சட்டை. வலது கை தொடையோடு ஒட்டித் தொங்கியது. கழுத்தில் கேமரா. மகன் தோளைக் கொடுக்க, படி ஏறி வந்தார்.

நான் கும்பிட்டேன். "ஐயா, நான்தான் உங்க ஃபிலிமைக் கெடுத்தது. மன்னிச்சுக்கணும்."

"கொள்ளாம்" என்றார், நிதானமாக.

செல்வின் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இப்படித்தான் என்பதுபோல. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரைக்கு முன்னால் அவரை உட்கார வைத்தோம். முதல் படத்தில் அவருடைய இடது பாதமும் செருப்பும். "கொள்ளாம்." அடுத்து, வாழைத்தோப்பு ஒருபக்கமாகச் சரிந்து நின்றது. "கொள்ளாம்." கொடியில் காயும் சேலை, அதன் கீழே ஒரு கோழி. "அப்பா, இது நம்ம புள்ளிக்கோழியில்லா? பாருங்க, கோழி. கோ..." என்று செல்வின் அவர் வாயையே பார்த்தார். "கொள்ளாம்." அடுப்படி வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். "அம்மையாக்கும். அம்மை. சொல்லுங்கப்பா."

ஞானமுத்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. நாங்கள் மூவரும் கிட்டே குனிந்தோம்.

"கொள்ளாம்."

செல்வின் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். "போதும் சிஸ்டரே. மிச்சத்தை போனுல அனுப்பிடுங்க. நான் வண்டியை அழைச்சுட்டு வாறேன்" என்று வாசலுக்குத் திரும்பினார். ஜயஸ்ரீ எதற்கோ அடுத்த படத்தைத் தட்டிவிட்டாள்.

சர்ச் மைதானத்துக்கு மேலே ஆகாயம். ஆகாயத்தின் நட்டநடுவில், எவ்வளவு துடைத்தும் போகாத ஒரு கரும்புள்ளிக் கூட்டம். அந்தப் படம் வந்துவிடக் கூடாதே என்றுதான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

ஞானமுத்து முன்னால் குனிந்தார். புருவம் நெரிந்தது. இடது கையைத் தூக்கி, பெருவிரலால் திரையைத் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். பெருவிரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி நேராக என்னைப் பார்த்து, நன்றாகக் கோபத்தோடு சொன்னார்:

"அழுக்கு."

வாசலில் செல்வின் நின்றுவிட்டார். ஒரு செருப்பை மாட்டியிருந்தார், ஒன்றை மாட்டவில்லை. "யாரு சொன்னா?" என்றார்.

"அழுக்கு" என்றார் ஞானமுத்து மறுபடியும், இன்னும் சத்தமாக, இது என்ன வேலை என்று கேட்கிற தொனியில். "அழுக்கு, அழுக்கு."

செல்வின் செருப்போடு உள்ளே ஓடிவந்தார். அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ஆமாப்பா, அழுக்குதான். நல்ல அழுக்கு. இந்த டீச்சர் ஆக்கினது. திட்டுங்கப்பா, இன்னும் திட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார், கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஜயஸ்ரீயின் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல், "மன்னிச்சுக்கங்க ஐயா" என்று மறுபடி சொன்னேன். ஞானமுத்து என்னைப் பொருட்படுத்தவில்லை. சட்டை நுனியைப் பிடித்து, திரையில் ஆகாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கழித்து செல்வின் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சிஸ்டரே," என்றார், "வேற அழுக்குள்ள படம் உண்டா?"

ஜயஸ்ரீ என்னைப் பார்த்தாள். ஒன்றரை நாள் உட்கார்ந்து நாங்கள் துடைத்துத் துடைத்துப் போக்கியிருந்தோம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாக, எங்காவது ஒரு புள்ளி மிச்சமிருக்கிறதா என்று, ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கித் தேட ஆரம்பித்தோம்.